அலமாரியில் இருக்கும் பல்வரிசை

என் தங்கையின் பற்களைப் பார்ப்பதற்காக டாக்டரம்மா ஒருமுறை கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். அப்போது அவள் பால்பல் எல்லாம் விழுந்து முளைத்து முடிந்த சின்னப் பிள்ளை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவாள். சேட்டையிலும் குறை வைக்க மாட்டாள். இரண்டுக்கும் பொருத்தமாக அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அம்மாவுக்குப் பல் கிளினிக்கில் தரை துடைக்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் வாலு நேராக அங்கே வந்துவிடுவாள். பின்பக்கத்தில் கழுவுகிற தொட்டி இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்றைக்கு ரிசப்ஷன் அக்கா ஏதோ சொல்ல, இவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா கையுறையோடு வந்து நின்றார்.

"யாரு சிரிச்சது? நீயா? இன்னொரு தடவை சிரி. ஈ காட்டு."

வாலு பயந்துகொண்டே ஈ காட்டினாள்.

"அடேயப்பா! ஒரு பல்லு கூட வரிசை தப்பல. என்கிட்ட வர்ற பிள்ளைங்க வருஷக்கணக்கா கம்பி போட்டுக்கிட்டு இதுக்குத்தான் அலையுதுங்க. உனக்கு எங்கேர்ந்து கெடச்சது?"

"அம்மாகிட்டேர்ந்து," என்றாள் வாலு.

அம்மா அவசரமாக வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா வாலுவைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, ரோஜா நிறத்தில் ஒரு மாவைக் குழைத்து வாயில் வைத்து அச்செடுத்தார். வாலு குமட்டிக்கொண்டு கால்களை உதைத்தாள். சில நாட்களில் அந்த அச்சிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பல்வரிசை வந்தது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்த்துக் கடித்தபடி, முகமில்லாத ஒரு சிரிப்பு. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். கோணல் பல்லோடு யார் வந்தாலும் டாக்டரம்மா அதை எடுத்துக் காட்டுவார். "கம்பியைக் கழட்டும்போது உன் பல்லு இப்படி இருக்கும்."

அச்செடுத்த அன்று வாலு இறங்கியதும் அம்மா அந்த நாற்காலியை ஒருமுறைக்கு இருமுறை துடைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "டாக்டரம்மா கூப்பிட்டாங்க, உட்கார்ந்தே. அதோட சரி. அது வர்றவங்க நாற்காலி. நாம தொடைக்கிறவங்க."

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு முன்னால் அங்கே வேலை செய்த பெண் தன் சொத்தைப் பல்லை இலவசமாக அடைத்துக்கொண்டாள். பிறகு புருஷனைக் கூட்டிவந்தாள். பிறகு கொழுந்தனை. டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மாதம் முடிந்ததும் வேறு ஆள் தேடினார். அந்த வேறு ஆள்தான் அம்மா.

பிறகு அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கி, துடைப்பத் துணியைப் பிழிய முடியாமல் போனது. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு போக ஆரம்பித்தேன். நான் வகுப்பில் கை தூக்காத பிள்ளை. நான் வராததை டீச்சர் கவனிக்கவே நாளாயிற்று என்று வாலு சொல்லிச் சிரித்தாள். கிளினிக்கில் அம்மாவுக்குத் துணியைப் பிழிந்து கொடுப்பதும் கருவிகளைக் கழுவி நீராவிப் பெட்டியில் வைப்பதும் என் வேலை. அங்கேயும் நான் பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வாலு நன்றாகப் படித்தாள். மார்க்கைப் பார்த்து ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இலவச இடம் கொடுத்தார்கள். அப்பா போன பிறகு அம்மா சத்தமாகச் சிரித்த நாள் அதுதான்.

சீருடை போட்டால் எல்லாரும் ஒன்று என்று அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருப்பார்களாம். வாலு முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். சீருடை கழுத்திலிருந்து முட்டி வரைக்கும்தான் மறைக்கும். அதற்குக் கீழே ஷூ இருக்கிறது. கையில் வாட்ச் இருக்கிறது, முதுகில் பை இருக்கிறது, பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. யார் எந்தக் காரில் வந்து இறங்குகிறார்கள் என்பது இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இவற்றைப் பற்றித்தான் பேசுவாள். முதலில் ஆச்சரியமாகப் பேசினாள், பிறகு கோபமாக. பிறகு பேச்சே இல்லை.

"சாப்பாட்டு டப்பா வேண்டாம். ரொட்டியைப் பேப்பர்ல சுத்திக் குடு."

"ஏண்டி, டப்பாவுக்கு என்ன வந்தது?"

"மூடி நசுங்கியிருக்கு. அத்தனை பேரும் டப்பாவைத்தான் பாக்குறாங்க."

"டப்பாவையா திங்கப் போறாங்க?"

"உனக்குப் புரியாதும்மா. அப்புறம், என்னை வாலுன்னு கூப்பிடாதீங்க. ரோட்ல கூப்பிடவே கூப்பிடாதீங்க."

கிளினிக்குக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். வீட்டுச் சாவியில் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, எங்க கிளாஸ்ல கம்பி போட்டவங்க தனி செட்டு, தெரியுமா? ஒண்ணாத்தான் உட்காருவாங்க. ரப்பரை என்ன கலர்ல போடணும்னு பேசி வச்சுக்குவாங்க. எல்லாரும் ஒரே கலர். அப்புறம் வாயை இளிச்சுக்கிட்டு ஃபோட்டோ எடுப்பாங்க."

"உனக்கு எதுக்குடி கம்பி? உன் பல்லைப் பாத்துத்தான் ஊரே கம்பி போடுது."

"நேரான பல்லு யாருக்கும் தெரியாதுக்கா. கம்பி இருந்தாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வீட்ல இருக்குன்னு தெரியும்."

"என்ன இருக்குன்னு?"

"எல்லாம்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

கிளினிக்குக்கு வருகிறவர்களின் பெயர் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. வாயை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். மேசைப்பல், சந்துப்பல், பொக்கைக்கு முந்தினவர். அந்த வருஷம் புதிதாக ஒரு பெண் வந்தாள். வாலுவின் பள்ளிக்கூடச் சீருடை. ஒரு பல்மேல் இன்னொரு பல் ஏறி நிற்கும். அவளுக்குத் தெத்துப்பல் என்று அம்மா பெயர் வைத்தாள்.

"தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. அதைப் போய் இழுத்துக் கட்டுறாங்களே," என்று என் காதில் சொன்னாள்.

தெத்துப்பல்லுக்குக் கம்பி போட்டார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் டாக்டரம்மா கேட்பார்: "இந்தத் தடவை என்ன கலர்?"

"ஊதா, டாக்டர். எங்க செட்டுல எல்லாரும் இந்த மாசம் ஊதாதான்."

மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே மாட்டிக்கொள்வதற்கும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் கொடுப்பார்கள். மோதிரம் போடும் பொம்மை இருந்தால் அதற்குப் போடலாம், அவ்வளவு சின்னது. பாக்கெட்டைப் பிரிக்கும்போதே பாதி தரையில் கொட்டும். அம்மா அவற்றைக் கூட்டி மஞ்சள் பையில் போடுவாள். வாயில் போனது, வாய்க்குப் போகவேண்டியது எல்லாம் கடைசியில் மஞ்சள் பைக்குத்தான். அதில் போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது கிளினிக்கில் சட்டம்.

ஒருநாள் நல்ல மழை. வாலு தன் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் கிளினிக்குக்கு வந்தாள். அவள் உள்ளே கால் வைத்த நேரம், தெத்துப்பல் நாற்காலியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தாள்.

"ஏய், நீ எங்க இங்க? நீயும் கம்பி போடப் போறியா?"

வாலு என்னையும் பார்த்தாள், கழுவுமிடத்தின் கதவையும் பார்த்தாள். "ஆமா. பேசத்தான் வந்தேன்," என்றாள்.

"சூப்பர்! அப்ப நீயும் எங்க செட்டு. எப்ப போடுறாங்க?"

வாலு பதில் சொல்வதற்குள் அம்மா துடைப்பத்தோடு உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "வாலு! நனைஞ்சுக்கிட்டா வந்தே? சாவி இல்லையா?"

தெத்துப்பல் அம்மாவையும் வாலுவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்களுக்கு உன்னைத் தெரியுமா?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். தெருவில் விலாசம் கேட்கிறவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "தெரியலயே. வேற யாரையோ நெனச்சுட்டாங்க போல."

அம்மாவுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. "ஆமாம்மா. ஆள் மாறிப்போச்சு," என்றாள். குனிந்து, வாசலில் அவர்கள் இருவரின் ஷூவிலிருந்தும் வடிந்த மழைத்தண்ணீரைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ரிசப்ஷன் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தேன். சாவியும் இல்லை, வாலுவும் இல்லை.

அன்று சாப்பிடும்போது அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசியில் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கம்பி போடப் போறேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்டி."

"டாக்டரம்மாகிட்டக் கேளும்மா. சும்மா பேருக்கு ஒரு கம்பி. முன்னாடி மட்டும்."

"நல்லா இருக்கிற பல்லுக்கு வைத்தியமா? கேட்டா என்னைத்தான் பைத்தியம்பாங்க."

"உனக்குக் கேக்கத் தைரியம் இல்ல. அதைச் சொல்லு."

"இல்லதான்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வாலு மாறினாள். பின்வாசல் வழியாக மறுபடி கிளினிக்குக்கு வர ஆரம்பித்தாள். நான் கேட்காமலேயே மஞ்சள் பையைக் கட்டி வெளியே கொண்டுபோய் வைத்தாள். "பிள்ளை திருந்திட்டா," என்று அம்மா சந்தோஷப்பட்டாள். "கோபத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டா. அதையே நெனச்சுக்கிட்டா இருக்க முடியும்?"

வாலு என்னிடம் மட்டும் அவ்வப்போது கேட்பாள்: "அக்கா, தெத்துப்பல்லு இந்தத் தடவை என்ன கலர் போட்டா?"

"பச்சை."

"கரும்பச்சையா, இளம்பச்சையா?"

"கிளிப்பச்சை. ஏண்டி?"

"சும்மா."

கிளினிக்கில் நடப்பதை யாரிடமாவது சொல்ல எனக்கும் பிடித்திருந்தது. கேட்டால் சொல்வேன்.

ஒருமுறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவளைத் தெருவில் பார்த்தேன். தெத்துப்பல்லும் இன்னும் சில பெண்களும் தோளில் கை போட்டு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வாலு. வாயெல்லாம் சிரிப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயில் ஏதோ மின்னியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தது எப்போது என்று எங்களுக்கு நினைவில்லை. வயசுப் பிள்ளை, வெட்கம் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். ரொட்டியைக் கடிக்காமல் பிய்த்துப் பிய்த்து வாயின் ஓரத்தில் வைத்துத் தின்றாள். பெரிய பள்ளிக்கூடத்து நாகரிகம் என்று நான் கேலி செய்தேன். "பாரும்மா, உன் பொண்ணு ராணி மாதிரி சாப்பிடுறா." வாலு சண்டைக்கு வரவில்லை. முன்பெல்லாம் வருவாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். பசியில் மறந்துபோய் ரொட்டியை முன்பல்லால் கடித்துவிட்டாள். "ஆ" என்று கத்தி அதைத் தட்டில் போட்டாள். ரொட்டியில் ரத்தம்.

அம்மா அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முன்னிரண்டு பல்லுக்கு மேலே ஈறு வீங்கிக் கன்றிக் கிடந்தது. எப்போதும் அடக்கமாக இருந்த அந்த இரண்டு பல்லும் மற்றவற்றைவிட நீளமாகத் தெரிந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பயந்த இரண்டு பிள்ளைகள்போல.

"எத்தனை நாளாடி இப்படி?"

"சூடும்மா. தானா போயிடும்."

"டாக்டரம்மாகிட்டக் காட்டுவோம்," என்றேன் நான்.

"இரு, இரு," என்றாள் அம்மா. "ஈறு வீக்கம்தானே. உப்புத்தண்ணி கொப்புளிச்சுப் பாப்போம். கிராம்பு எண்ணெய் வச்சுப் பாப்போம். இதுக்குப் போய் அந்த நாற்காலியில ஏறணுமா?"

வாலு கொப்புளித்தாள். எண்ணெய் வைத்தாள். பகலெல்லாம் வாய்களைச் சரிசெய்கிற இடத்தில் வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் தங்கையின் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தோம். வலிக்கிறதா என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்பாள். பிறகு பல்லைக் கடிக்கவும் முடியாமல் போனது. ஒருநாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப்போனாள். தன் முன்பல்லை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிக் காட்டினாள். காற்றில் ஆடும் கதவுபோல அது போய்வந்தது.

"அக்கா, அம்மாகிட்டச் சொல்லாத."

அன்று கிளினிக்கில் டாக்டரம்மா கைகழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். என்னைக் கடந்து துண்டை எடுத்தார்.

"டாக்டரம்மா," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். என் குரலை அவர் அதிகம் கேட்டதில்லை. "என்னம்மா?"

"தங்கச்சிக்குப் பல்லு ஆடுது. அந்த அச்சுல இருக்கிற பல்லு."

பின்னால் அம்மா கையிலிருந்த பக்கெட் தரையில் இடித்தது.

வாலுவை வரவழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விளக்கை இழுத்து வாய்க்கு நேரே திருப்பினார் டாக்டரம்மா. ஒரு பார்வையிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"ரப்பர் போட்டியா?"

வாலு கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல. பல்லைச் சுத்தி ரப்பர் போட்டியா?"

தலை மெதுவாக ஆடியது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கொஞ்சம் திறந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுக்கியின் நுனியில் ஒரு வளையம் வந்தது. வெள்ளைத் துணியில் துடைத்து வைத்ததும் நிறம் தெரிந்தது. ஊதா. அடுத்தது கிளிப்பச்சை. அடுத்தது ஆரஞ்சு. எந்த மாதம் எது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நான்தான் வீட்டில் வந்து சொல்லியிருந்தேன்.

"நான் முழுங்கிட்டேன்னு நெனச்சேன்," என்றாள் வாலு, மரத்த உதட்டோடு. "அறுந்து வயித்துக்குள்ள போயிடுச்சுன்னு. அதான் வேற போட்டேன்."

"அறுந்து போகலம்மா. மேல ஏறிடுச்சு. பல்லு நுனியில அகலம், உள்ள போகப் போகக் கூம்பு. ரப்பர் வழுக்கி வழுக்கி ஈறுக்குள்ள போயிடும். போற வழியில எலும்பைக் கரைச்சுக்கிட்டே போகும். வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கம்பிக்கு என்ன பண்ணினே?"

வாலு தன் பையைக் காட்டினாள். பென்சில் பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றிய ஒரு கம்பித்துண்டு இருந்தது. யாரோ ஒருவர் வாயிலிருந்து கழற்றியது. பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்கு முன் பல்லின் மேல் வைத்து இரண்டு முனையையும் மடக்கிக்கொள்வாள். கம்பி நகராமல் நடுவில் நிற்பதற்காக முன்பல் இரண்டையும் சேர்த்து ரப்பர். வீட்டுக்குத் திரும்பும்போது கம்பியைக் கழற்றிவிடுவாள். ரப்பர் சில நாள் கையில் வரும், சில நாள் வராது.

அதுவரை சுவரோரமாக நின்ற அம்மா முன்னால் வந்தாள். வலிக்கிறதா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரப்பரை அலமாரியிலேர்ந்து எடுத்தியா, குப்பையிலேர்ந்து எடுத்தியா?"

"குப்பையிலேர்ந்துதாம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா டாக்டரம்மாவைப் பார்த்தாள். "குப்பையிலேர்ந்துதாம்மா எடுத்திருக்கா," என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அந்த நிம்மதியை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தினமும் இங்கதானே இருக்கீங்க ரெண்டு பேரும்? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

அம்மா நாற்காலியைப் பார்த்தாள்.

ஆடிய பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவிட்டார் டாக்டரம்மா. பிடித்துக்கொள்ளலாம், பிடிக்காமலும் போகலாம் என்றார். வாசலில் ரிசப்ஷன் அக்கா உச்சுக்கொட்டினாள்: "புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா ஆயிடுச்சே."

"பூனைக்கும் சுடும்லம்மா," என்றாள் அம்மா.

எங்கள் அம்மா யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

பல் கட்டியிருந்த அந்த நாட்களில் வாலு பள்ளிக்கூடம் போனாள். இப்போது வாயில் இருந்தது உண்மையான கம்பி, டாக்டர் போட்ட கம்பி. முதல் நாள் திரும்பி வந்து, "யாரும் எதுவும் கேக்கலக்கா," என்றாள். செட்டில் ஒருத்திக்குக் கம்பி கழற்றிவிட்டார்களாம். இப்போது எல்லாரும் அவள் வாங்கிய வெள்ளை ஷூவைப் பற்றிப் பேசுகிறார்களாம்.

பல் பிடிக்கவில்லை. முதலில் ஒன்றும் பிறகு மற்றதும் போயிற்று. வலிக்கக்கூட இல்லை, பழுத்த பழம்போல வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு கெழவங்களுக்குத்தான் சொல்லுவாங்க," என்றாள் அம்மா அன்று வீட்டில். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வாலுவின் பேச்சில் காற்று கலந்துவிட்டது. வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னார்கள். அவள் ஒரு வரி படித்ததும் பின்பெஞ்சிலிருந்து யாரோ அதே காற்றோடு அதே வரியைத் திருப்பிச் சொன்னார்களாம். வகுப்பே சிரித்தது. தெத்துப்பல் சிரித்தாளா என்று கேட்டேன். "அவதான் முதல்ல," என்றாள் வாலு. மறுநாள் காலையில் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பேசுகிறேன் என்றாள்.

"நீ வந்தா நான் செத்துடுவேன்," என்றாள் வாலு.

அம்மா போகவில்லை.

பொய்ப்பல் செய்ய அளவு எடுக்கவேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா அலமாரியிலிருந்து அந்த அச்சை எடுத்து, பல் செய்கிற இடத்துக்கு அனுப்பிவைத்தார். "இதைப் பாத்துச் செஞ்சா அப்படியே வரும்." அப்படியே வந்தது. மேலண்ணத்தில் ஒட்டுகிற ரோஜா நிறத் தகடு, அதில் இரண்டு பல், பக்கப் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. வாலு அந்தக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். பணத்தைப் பற்றி டாக்டரம்மா பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அம்மாவுக்குப் பயம். மாதம் முடிகிற நேரமெல்லாம், யாராவது புதுப் பெண் வேலை கேட்டு வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

யாரும் வரவில்லை. வந்தது வாலுதான். சும்மா வீட்டில் இருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்ல, எங்களோடு வேலைக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கழுவுமிடத்துக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டா எல்லாரும் ஒண்ணுக்கா," என்றாள். "டாக்டரம்மாவும் நானும் ஒண்ணு."

வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

வருஷம் திரும்பியது. ஒருநாள் தெத்துப்பல் தன் அம்மாவோடு வந்தாள். அன்றைக்குக் கம்பி கழற்றுகிற நாள். வாலு உள்ளே தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். வேண்டாம், நீ போ என்று நான் கண்ணால் சொன்னேன். அவள் நகரவில்லை. கழற்றிய துண்டுகள் ஒவ்வொன்றாக அவள் தட்டில் விழுந்தன. தெத்துப்பல் அண்ணாந்து படுத்தபடி, மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரென்று தெரிந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அந்தப் பெண் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது வாலுவின் சிரிப்பு. பக்கெட்டின் மேல் உட்கார்ந்து சிரித்த அதே வரிசை.

"சொன்னேன்ல?" டாக்டரம்மா பழக்கத்தில் அலமாரியைத் திறந்து அச்சை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பாரு. அதே மாதிரி."

"வாவ்," என்றாள் அவள் அம்மா.

"இது யாரு பல்லு டாக்டர்?" என்று கேட்டாள் தெத்துப்பல்.

டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். வாலுவைப் பார்க்கவில்லை.

"பழைய பேஷண்ட்," என்றார்.

வாலு தட்டைக் கீழே வைத்தாள். டாக்டரம்மாவின் கையிலிருந்து அச்சை வாங்கி, துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பிறகு தட்டில் கிடந்த கம்பியையும் ரப்பரையும் மஞ்சள் பையில் கொட்டி, பையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா நாற்காலியைத் துடைத்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். அச்சு சுவரைப் பார்த்து இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா அதைத் திருப்பி வைத்தாள். சாயங்காலம் அது மறுபடி சுவரைப் பார்த்தது. இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. வாலு தூசி தட்டும்போது திருப்பிவிடுவாள். அம்மா கதவைத் திறந்து நேராக வைப்பாள். வருகிறவர்கள் பார்க்கவேண்டிய பொருள், டாக்டரம்மா கண்ணில் பட்டால் கேட்பார் என்கிற பயம் அவளுக்கு. இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை மட்டும், கதவைச் சாத்திக்கொண்டே, அம்மா வாலுவின் காதில் விழும்படி சொன்னாள்:

"சுவத்தைப் பாத்து யாராவது சிரிப்பாங்களாடி?"

வாலு தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.